பழுதும் பதிவேடும்

(சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டித் தேவராவில் நிகழ்த்திய உரை)



நான் பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வே உத்தியோகத்தில் சேர்ந்தவன். பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளுகிறவன். இலக்கியம் பேசுவதற்கு இந்த மேடையில் என்னிலும் தக்க அறிஞர்கள் அமர்ந்திருக்கிறார்கள். ஆகையால் காரியதரிசி அவர்கள் என்னைப் பேச அழைத்தபோது, என் வீட்டில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவரும் மனமுவந்து இசைந்தார். நம் காலனியில் ஆண்டுதோறும் ஜூன் மாதம் வந்துவிட்டால், பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பிள்ளை உள்ள வீடுகளில் எல்லாம் ஒரே பேச்சாக இருப்பது மடிக்கணினியைப் பற்றித்தான். அப்பொருள் வாங்கிய பின் ஒரு குடும்பம் படக்கூடிய பாடு எத்தகையது என்பதையே இன்று சொல்லப் போகிறேன்.

2022-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் தேதி, கல்லூரியில் கணினி அறிவியல் சேர்ந்திருந்த என் மூத்த மகளுக்காக எறணாகுளத்தில் ஒரு கடையில் மடிக்கணினி வாங்கினோம். விலை ரூபாய் 54,000. அதில் 40,000 கூட்டுறவுச் சங்கத்தில் எடுத்த கடன். மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். என் மனைவி அக்கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்கினாள். கடைக்காரர், "ஓராண்டு வாரண்டி இருக்கிறது, கவலையே வேண்டாம்" என்றார். வாரண்டி என்பது நாம் உத்தரவாதம் என்று சொல்வதுதான். அந்தச் சொல்லின் இனிமையில் மயங்கி, அதனுடன் தந்த சிறு புத்தகத்தை நான் பிரித்தும் பாராமல் பீரோவில் வைத்துவிட்டேன். பார்சல் ரசீதின் பின்புறம் அச்சிட்ட நிபந்தனைகளை ஒருவரும் படிப்பதில்லையே என்று நாள்தோறும் குறைப்பட்டுக்கொள்ளும் குமாஸ்தா செய்த காரியம் இது!

செப்டம்பர் மாதம் திரையில் நெடுக்காகக் கோடுகள் விழுந்தன. பழுதுபார்க்கும் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒன்பது நாட்களில் புதுத் திரை மாற்றிக் கொடுத்தார்கள். மகிழ்ந்தோம். 2023 ஜனவரியில் கணினி உயிரற்றுப் போயிற்று. மின்சாரம் கொடுத்தாலும் விளக்கு எரியவில்லை. "மதர்போர்டு போய்விட்டது, மாற்றித் தருகிறோம்" என்றார்கள். பதினேழு நாட்கள் ஆயின. அந்த மாதிரிக் கணினியில் கோப்புகளைச் சேமிக்கும் பகுதியும் மதர்போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருந்தது. பலகை போனதோடு என் மகள் மூன்று மாதம் கண்விழித்துச் செய்து வைத்திருந்த கல்லூரிச் செயல்திட்டமும் போய்விட்டது. உத்தரவாதம் கருவிக்குத்தானே ஒழிய உள்ளேயுள்ள கோப்புகளுக்கு இல்லை என்று, பிரிக்காமல் வைத்திருந்த அந்தப் புத்தகத்தில் தெளிவாகவே அச்சிட்டிருந்தது. அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. "அப்பா, நான் என்ன தவறு செய்தேன்?" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் விடை இல்லை.

புதுப் பலகை வந்த பன்னிரண்டாம் நாள் மீண்டும் அதே நோய். மீண்டும் பலகை மாற்றினார்கள். இம்முறை இருபத்தொரு நாட்கள். மே மாதத்தில் கணினி சூடேறித் தானே அணைந்துபோயிற்று. நான்கு நாள் வைத்திருந்துவிட்டு, "பழுது ஒன்றும் காணவில்லை" என்று திருப்பிக் கொடுத்தார்கள். ஜூன் 17-ஆம் தேதி உத்தரவாதக் காலம் முடிந்தது. ஜூலை 8-ஆம் தேதி கணினி அடியோடு படுத்துவிட்டது. இனி மதர்போர்டு மாற்ற ரூபாய் 23,000 ஆகும் என்றார்கள்.

ஏன் இப்படித் திரும்பத் திரும்பக் கெடுகிறது என்று எங்கள் சிக்னல் பிரிவில் பணிபுரியும் ஒரு நண்பரைக் கேட்டேன். அவர் சொன்ன விளக்கம் எனக்கு எளிதாகப் புரிந்தது. கணினியின் மூளையாகிய சில்லு, பலகையின்மேல் நூற்றுக்கணக்கான நுண்ணிய பற்றாசு உருண்டைகளால் பிணைக்கப்பட்டிருக்கிறது. வேலை செய்யும்போது அது சூடேறி விரிகிறது. அணைத்தால் குளிர்ந்து சுருங்குகிறது. சில்லு ஒரு அளவில் விரியும், பலகை வேறொரு அளவில் விரியும். தண்டவாளத்தின் இணைப்பில் இடைவெளி விடாமல் போட்டால் வெயிலில் என்ன ஆகும் என்பதை நாம் அறிவோம். இங்கே இடைவெளி விட வழியில்லை. ஆகவே பற்றாசின் தரத்திலோ காற்றுப்போக்கின் அமைப்பிலோ குறையிருந்தால் இணைப்பு வெடிக்கிறது. குறை அமைப்பிலேயே இருக்குமானால், அதே அமைப்பில் செய்த வேறொரு பலகையைப் பொருத்துவதால் நோய் தீராது, நாட்கள்தாம் கழியும்.

இது கற்பனையன்று. 2008-ஆம் ஆண்டு ஜூலையில் என்விடியா என்னும் அமெரிக்க நிறுவனம், மடிக்கணினிகளுக்காகத் தான் செய்த சில வரைகலைச் சில்லுகள் வழக்கத்துக்கு மாறான அளவில் பழுதாகின்றன என்றும், சில்லைப் பொதிந்த பொருளின் வலிமைக் குறைவு அதற்கு ஒரு காரணம் என்றும் அறிவித்து, அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. ஆப்பிள் நிறுவனம் 2015-இல் 'பட்டர்ஃபிளை' என்ற புதுவகை விசைப்பலகையைக் கொண்டுவந்தது. சிறு தூசி புகுந்தாலும் எழுத்து விழாது, அல்லது ஒன்று இரண்டாக விழும். மாற்றிக் கொடுத்ததும் அதே வகை விசைப்பலகை. 2018-இல் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள். 2019-இல் அந்த அமைப்பையே கைவிடத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் தொடர்ந்த வழக்கு 2022-இல் 5 கோடி டாலருக்குச் சமரசமாயிற்று. அந்தச் சமரசத்தில் ஒரு செய்தி என் மனத்தை மிகவும் கவர்ந்தது. விசைப்பலகையுள்ள மேற்பகுதியை ஒருமுறை மாற்றியவருக்கு 125 டாலர் வரை. இரண்டு முறையோ அதற்கு மேலோ மாற்றியவருக்கு 395 டாலர் வரை. எத்தனை முறை கெட்டது என்ற எண்ணிக்கைக்கே விலை வைத்திருக்கிறார்கள்!

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனின் மனம் எனக்குத் தெரியும், ஏனெனில் நானே அங்கு உட்கார்ந்திருப்பவன். சேதமான பார்சலுக்கு நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களில் பலர் எட்டாம் மாதத்தில் வருவார்கள். 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 106-ஆம் பிரிவு, ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் நோட்டீசு கொடுக்கவேண்டும் என்கிறது. "அப்போதே வந்து சொன்னேனே ஐயா!" என்பார்கள். வந்தார்கள், சொன்னார்கள், உண்மைதான். "நாளைக்கு வாருங்கள்" என்று வாய் வார்த்தையாக நாங்களும் சொல்லி அனுப்பியிருப்போம். காகிதம் எங்கே? வாயால் சொன்னது கவுண்டரில் இருப்பவனை ஒன்றும் செய்யாது. தேதியும் கையொப்பமும் உள்ள ஒரு துண்டுத் தாளைக் கண்டால் அவன் நிமிர்ந்து உட்காருவான். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. சிறிது வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

பழுதுபார்க்கும் நிலையத்தில் இருந்த பையன் நல்லவன்தான். ஒவ்வொரு முறையும், "விளிச்சிட்டு வந்நால் மதி, சேட்டா" என்று அன்பாகவே சொல்வான். ஆனால் அவன் அன்பை நான் எந்தக் கோர்ட்டில் காட்டுவது? தொழில் புத்தி காரணமாக முதல் நாள் தொட்டே நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வந்திருந்தேன். கொடுத்த தேதி, திரும்ப வாங்கிய தேதி, ஜாப் ஷீட்டின் எண், என்ன கோளாறு என்று நாங்கள் சொன்னது, என்ன செய்ததாக அவர்கள் எழுதியது, கழற்றிய பலகையின் எண், பொருத்திய பலகையின் எண், எல்லாம் அதில் உண்டு. பழுது காணவில்லை என்று சொன்ன அந்த மே மாதம், ஜாப் ஷீட்டே போடாமல் கணினியைக் கையில் கொடுத்து அனுப்பப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் அங்கேயே நின்று, "சூடேறி அணைகிறது என்பது வாடிக்கையாளர் புகார், பழுது காணவில்லை" என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் வந்தேன். பின்னால் எல்லாவற்றிலும் பெரிய சாட்சியாக நின்றது அந்தத் தாள்தான். உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே நோய் இருந்தது என்பதை அவர்கள் கையெழுத்தே சொல்லிற்று அல்லவா?

ஜூலையில் நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். ஒன்பது, பதினேழு, இருபத்தொன்று, நான்கு. ஓராண்டு உத்தரவாதத்தில் ஐம்பத்தொரு நாட்கள் கணினி எங்கள் வீட்டிலேயே இல்லை! அதுவரை, "நம் ராசி அப்படி" என்று சொல்லிக்கொண்டிருந்த என் மனைவி, அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்தபின் ராசியைப் பற்றிப் பேசவே இல்லை.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் வக்கீல் அல்லன். விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் ஒரு சட்டம் இருக்கிறது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் பழுது தோன்றினால், கொடுக்கும்போதே அந்தக் குறை இருந்தது என்றே கொள்ளவேண்டும். இல்லையென்று நிரூபிக்கவேண்டியவர் விற்றவர். அங்கே வேலை பார்க்கும் உறவினர் நம்மில் பலருக்கு உண்டு, கேட்டுப் பாருங்கள். நம் நாட்டில் அப்படி வரையறுத்த சட்டம் இல்லை. 2006-ஆம் ஆண்டில் ஒரு மோட்டார் கார் வழக்கில், பழுதான பாகத்தை மாற்றித் தருவது என்பதே உத்தரவாதத்தின் நிபந்தனையாக இருக்கும்போது முழு வண்டியையும் மாற்றித் தரும்படி உத்தரவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. ஆகவே, "இரண்டு முறை கெட்டுவிட்டது, புதிது கொடு" என்று நாம் மேசையைத் தட்டினால் அவர்கள் இந்த நிபந்தனையைத்தான் காட்டுவார்கள். குறை உற்பத்தியிலேயே இருந்தது என்று நாம் காட்டியாகவேண்டும். ஒரே பாகம் திரும்பத் திரும்பப் போயிற்று என்பதற்கு எழுத்துச் சான்று இருந்தால் அதைக் காட்டுவது எளிதாகிறது.

காட்ட வேண்டிய இடம் எது? 1986-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை மாற்றி 2019-இல் புதுச் சட்டம் இயற்றி, 2020 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இதன்படி வாங்கியவர் தாம் குடியிருக்கும் ஊரில், அல்லது வேலை பார்க்கும் ஊரில் உள்ள மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று எண்ணிப் பாருங்கள். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. வழக்குக் காரணம் தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும். மூன்று மாதத்தில், சோதனைக்கூடத்துக்கு அனுப்ப நேர்ந்தால் ஐந்து மாதத்தில், முடிக்க முயலவேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். ரயில்வே அட்டவணையைப் போல அதுவும் ஓர் அட்டவணை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

நான் முதலில் அங்கே போகவில்லை. நோட்டைப் பார்த்து இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி, ஜாப் ஷீட்டுகளின் நகல்களை இணைத்து, கடைக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். (பதிவுத் தபாலை 2025-இல் விரைவு அஞ்சலோடு சேர்த்துவிட்டார்கள். இனி அனுப்புகிறவர்கள் விரைவு அஞ்சலில் ஒப்புகை கேட்டு வாங்குங்கள்.) பதினைந்து நாள் பதிலில்லை. பிறகு 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குத் தொலைபேசியில் புகார் கொடுத்தேன். தமிழிலேயே பேசலாம். மலையாளத்தில் நாக்குத் தடுமாறும் என்று அஞ்சி, கடையில் ஒரு சொல் உரத்துப் பேசாத நம் வீட்டுப் பெண்களும் தயங்காமல் அந்த எண்ணை அழைக்கலாம்.

அதன்பின் கம்பெனியிலிருந்து ஓர் அம்மையார் அழைத்தார். உத்தரவாதம் முடிந்துவிட்டது என்று தொடங்கினார். மே மாதத்து ஜாப் ஷீட்டின் எண்ணைச் சொன்னேன். பேச்சு மாறியது. 2023 அக்டோபரில் அதே மாதிரியில் வேறொரு கணினி கொடுத்தார்கள். வெற்றி என்று நினைத்து நான் பாயசம் வைக்கச் சொன்னது உண்மை. இங்கே நான் செய்த பிழையை நீங்கள் செய்யவேண்டாம். மாற்றிக் கொடுத்த கணினிக்கு உத்தரவாதம் தொண்ணூறு நாட்கள் மட்டுமே என்று அதனோடு வந்த தாளில் இருந்தது. மாற்றுப் பொருளுக்குப் புதிதாக ஓராண்டு தொடங்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலான கம்பெனிகளில் அப்படியில்லை. பழைய காலத்தில் மீதி எத்தனை நாளோ அத்தனை நாள், அல்லது ஒரு குறிப்பிட்ட சிறு காலம், அவ்வளவுதான். கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைக் கேட்டு, எழுதி வாங்கியிருக்கவேண்டும். மாற்றிக் கொடுப்பது புதுக் கணினியா, பழுதுபார்த்துத் தேற்றிய பழைய கணினியா என்பதையும் கேட்டிருக்கவேண்டும். என்விடியா விவகாரத்தில்கூட, சமரசமாகத் தந்த மாற்றுக் கணினி தங்கள் பழைய கணினிக்கு ஈடாகாது என்று அமெரிக்காவில் உரிமையாளர் பலர் முறையிட்டார்களாம்.

2024 பிப்ரவரியில், அதாவது நான்காவது மாதத்தில், அந்த மாற்றுக் கணினியின் விசைப்பலகையில் இரண்டு வரிசை எழுத்துகள் செயலிழந்தன. விசைப்பலகையைக் கழற்றிப் பார்த்து, "திரவம் பட்டிருக்கிறது; இது உத்தரவாதத்தில் வராது" என்று ஒரு நிறம் மாறிய சிறு ஒட்டுத்தாளைக் காட்டினார்கள். எங்கள் வீட்டில் கணினிக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் வைப்பதில்லை. காயலோரத்தில் குடியிருக்கிறோம், மிதுன மாதம் பிறந்தால் பெட்டியிலுள்ள பட்டுப் புடவையும் பூசணம் பூக்கிற ஊர் இது. ஈரக் காற்று மட்டுமே அந்தத் தாளின் நிறத்தை மாற்றியதா என்று உறுதியாகச் சொல்ல நான் வல்லுநன் அல்லன். ஆனால் அந்த வாதத்தைக் கேட்டவுடன் எனக்குப் பொறுமை போய்விட்டது. மார்ச்சு மாதம் மாவட்ட ஆணையத்தில், அப்போது இ-தாகில் என்றிருந்த தளத்தின் வழியாக, நானே மனுத் தாக்கல் செய்தேன். தட்டச்சுச் செய்தவள் என் மகள். 2025 முதல் அதற்கு இ-ஜாக்ரிதி என்ற தளம் வந்திருக்கிறது.

மனுவோடு நோட்டின் பக்கங்களையும் ஏழு தாள்களையும் இணைத்திருந்தேன். இரண்டாவது வாய்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல் என்னை வராந்தாவுக்கு அழைத்து, "இந்த நோட்டு யார் எழுதியது?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். "என்ன உத்தியோகம்?" என்றார். சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டார். 2024 டிசம்பரில் முழு விலையையும், செலவுக்கு ரூபாய் 5,000-உம் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். தீர்ப்பு என்று ஒன்று வரவில்லை. வந்திருந்தால் பிறருக்கும் பயன்பட்டிருக்கும் என்ற குறை எனக்கு இன்றும் உண்டு. கடனுக்கு நான் கட்டிய வட்டியும், தொலைந்த செயல்திட்டமும் திரும்பவில்லை. என் மகள் இறுதியாண்டைக் கல்லூரிக் கூடத்துக் கணினியிலும், மாலையில் தோழி வீட்டிலுமாகப் படித்து முடித்தாள். இப்போது அவள் எதை எழுதினாலும் இரண்டு இடத்தில் சேமித்து வைக்கிறாள். அம்மா எழுதும் பால் கணக்கையும்கூட!

இன்னொரு விஷயம். இதையெல்லாம் நான் ஒருவனாகச் செய்தபோது, நம் காலனியிலேயே வேறு இரண்டு வீடுகளில் அதே மாதிரிக் கணினி அதே வகையில் கெட்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில்தான் தெரிந்தது. அவர்கள் இருவரும் கையிலிருந்து பணம் கட்டிப் பலகை மாற்றியிருந்தார்கள். முன்பே தெரிந்திருந்தால் மூன்று குடும்பமும் சேர்ந்து எழுதியிருப்போம். உற்பத்திக் குறை என்பதற்கு அதைவிட வலுவான சாட்சி வேறெது?

ஆகவே காரியதரிசி அவர்களிடம் ஒரு விண்ணப்பம் செய்தேன், அவரும் ஏற்றுக்கொண்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் நம் சங்க வாசகசாலையில், பத்திரிகை மேசைக்கு அருகே, கோடு போட்ட ஒரு பெரிய பேரேடு வைக்கப்படும். மடிக்கணினி, கைப்பேசி, குளிர்பதனப் பெட்டி, மிக்சி, எதுவாயினும் வாங்கிய தேதி, மாதிரியின் பெயர், கெட்ட தேதி, சொன்ன காரணம், மாற்றிய பாகம் ஆகியவற்றை அவரவர் எழுதி வைக்கலாம். ஞாயிறு காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை நான் அங்கே இருப்பேன். கடிதம் எழுதத் தெரியாதவர்கள் பில்லையும் ஜாப் ஷீட்டையும் கொண்டு வாருங்கள்; இருவருமாக உட்கார்ந்து எழுதுவோம். பேனா நான் கொண்டு வருகிறேன்.